தோற்ற ஆட்டத்தை அனுப்பு

2024 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தாள். மறுமுனையில் ஒரு பெண்மணி. மேற்கு டெக்சாஸில் ஒரு இரண்டாண்டுக் கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர்.

"நீ அனுப்பிய ஹைலைட் வீடியோவைப் பார்த்தேன். அதில் எல்லா பந்தும் கூடைக்குள் போகிறது. எனக்கு அது போதாது. இந்த சீசனில் நீங்கள் தோற்ற ஆட்டம் ஒன்றை, முதலிலிருந்து கடைசி வரை வெட்டாமல் அனுப்பு" என்றார்.

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். மகளுக்குக் கல்லூரி அணியில் இடம் தேடிய அந்த ஏறக்குறைய இரண்டு வருடங்களில் எத்தனையோ பேர் எங்களிடம் பேசியிருந்தார்கள். தோல்வியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

நான் வளர்ந்தது கோயம்புத்தூரில். பள்ளி அணியில் ஆடினேன். சிமெண்ட் தரை, மழை பெய்தால் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆடுவோம். பிஎஸ்ஜி கோப்பைக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும்போது அப்பா கூட்டிக்கொண்டு போவார். ஆட்டக்காரரைக் கல்லூரிக்கு எடுப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஸ்போர்ட்ஸ் கோட்டா மட்டும்தான். சர்டிஃபிகேட்டுகளை ஃபைலில் அடுக்கிக்கொண்டு காலையில் மைதானத்துக்குப் போக வேண்டும். ஓடச் சொல்வார்கள், லே-அப் போடச் சொல்வார்கள், ஆடச் சொல்வார்கள். அப்புறம் ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் பெயர் இருக்கும், இல்லையென்றால் இருக்காது. அமெரிக்காவில் அந்த ஒரு நாளும் கிடையாது, அந்த நோட்டீஸ் போர்டும் கிடையாது. இது எனக்கு உறைக்கவே ரொம்ப நாளானது.

நாங்கள் இருப்பது டல்லாஸுக்கு வடக்கே. மகள் ஒன்பது வயதில் பந்தைத் தொட்டாள். உயரம் 5 அடி 6 அங்குலம். பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் அணியை நடத்துகிறவள். பள்ளியின் முதன்மை அணியில் இரண்டு வருடம் அந்த இடத்தில் ஆடினாள். கோடையில் கிளப் அணி. வெள்ளிக்கிழமை மதியம் காரில் ஏறினால் ஞாயிறு இரவு வீடு. பெரிய கொட்டகை மாதிரி ஒரு கட்டடத்துக்குள் எட்டு கோர்ட் இருக்கும். ஒரே நேரத்தில் எட்டு ஆட்டம். பக்கத்துக் கோர்ட் விசிலுக்கு நம் பிள்ளைகள் நிற்பார்கள். கல்லூரிப் பயிற்சியாளர்கள் சுவரோரம் மடக்கு நாற்காலியில், கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் முழுக்க என் கண் பாதி நேரம் மகள்மேல், பாதி நேரம் அந்த நாற்காலிகள்மேல்.

அந்தச் சமயத்தில் ஒரு நிறுவனம் எங்களிடம் பணம் வாங்கியது. மகளின் விவரத்தை நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்கு அனுப்புவோம் என்றார்கள். அனுப்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரே மாதிரியான கடிதம் ஒரே நாளில் எல்லோருக்கும் போனால் எந்தப் பயிற்சியாளர் திறந்து பார்ப்பார்? ஒரு பதில்கூட வரவில்லை. இதைப் படிக்கும் பெற்றோருக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: கடிதத்தைப் பிள்ளையே எழுத வேண்டும். எந்தக் கல்லூரிக்கு எழுதுகிறாளோ அந்த அணியின் ஒரு ஆட்டத்தையாவது பார்த்துவிட்டு எழுத வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பதில்கள் எல்லாம் மகள் தானே உட்கார்ந்து எழுதிய நாற்பது கடிதங்களிலிருந்துதான் வந்தன.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய அமைப்பு என்சிஏஏ. அதில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் மட்டும் முந்நூற்றைம்பதுக்கும் மேல் அணிகள். இந்த எண்ணிக்கையைக் கேட்டதும், 'இத்தனை அணி இருக்கே, ஏதோ ஒன்றில் இடம் கிடைக்காதா' என்று மனசு கணக்குப் போடும். நானும் போட்டேன். ஆனால் 2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று ஒன்று வந்தது. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் அதில் பெயர் கொடுப்பார்கள். 2021இலிருந்து, மாறியவுடன் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற பழைய தடையும் பெரும்பாலானவர்களுக்கு நீங்கிவிட்டது. ஒரு பயிற்சியாளரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடம் ஜெயித்தாக வேண்டும். 17 வயதுப் பிள்ளையை எடுத்து இரண்டு வருடம் வளர்ப்பதா, கல்லூரி ஆட்டம் ஆடிப் பழகிய 21 வயதுப் பெண்ணை எடுப்பதா?

இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றின் உதவிப் பயிற்சியாளர் எட்டு மாதம் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்தால் குறுஞ்செய்தி வரும், பிறந்தநாளுக்கு வாழ்த்து வரும். மார்ச் மாதம் போர்ட்டல் திறந்தது. செய்திகள் குறைந்தன, அப்புறம் நின்றன. மகள் இரண்டு முறை எழுதினாள், பதில் இல்லை. மே மாதம் அவர்கள் வேறொரு கல்லூரியிலிருந்து வந்த ஒரு பாயிண்ட் கார்டின் படத்தைப் போட்டிருந்தார்கள். மகள் அதைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். எடுக்கவில்லை என்பது சரி, அது அவர்கள் உரிமை. "இடம் போய்விட்டது" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். 17 வயதுப் பிள்ளை தினமும் காலையில் போனைத் திறந்து பார்ப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. வந்த இரண்டு அழைப்புகளும் தனியார் கல்லூரிகள். கட்டணத்தைப் பார்த்துவிட்டு என் கணவர் கால்குலேட்டரை மூடி வைத்தார்.

இரண்டாண்டுக் கல்லூரிகளைப் பற்றி நான் அப்போதுதான் படிக்க ஆரம்பித்தேன். அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம். ஆட்டக்காரர்கள் வாயில் இது ஜூக்கோ. ஜூனியர் காலேஜ் என்பதன் சுருக்கம். இல்லினாய் மாநிலம் ஜோலியெட்டில் 1901இல் தொடங்கியதுதான் நாட்டின் முதல் அரசு ஜூனியர் கல்லூரி. விளையாட்டுக்கான தேசிய அமைப்பு, என்ஜேசிஏஏ, 1938இல் ஃப்ரெஸ்னோவில் பிறந்தது. கலிஃபோர்னியாவின் 13 ஜூனியர் கல்லூரிகள் என்சிஏஏ தடகளப் போட்டியில் ஓட அனுமதி கேட்டன. கிடைக்கவில்லை. சரி, நமக்கென்று ஒன்று வைத்துக்கொள்வோம் என்று தொடங்கினார்கள். இன்று கலிஃபோர்னியாவின் அரசு இரண்டாண்டுக் கல்லூரிகள் அந்த அமைப்புக்கு வெளியே தனியாக இருக்கின்றன, அங்கே விளையாட்டு உதவித்தொகையும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பக்கம் எழுதிக் காத்திருப்பவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

என்ஜேசிஏஏவிலும் மூன்று பிரிவு உண்டு. முதல் பிரிவுக் கல்லூரி முழு உதவித்தொகை தரலாம்: படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய்வரும் செலவு வரை. இரண்டாம் பிரிவில் கட்டணமும் புத்தகமும் தரலாம், தங்குமிடமும் சாப்பாடும் நம் பொறுப்பு. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. ஆக, "ஜூக்கோவில் எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் முதல் கேள்வி, எந்தப் பிரிவு என்பதுதான்.

எனக்கு நம்பிக்கை கொடுத்தது இன்னொரு விஷயம். இரண்டு வருடக் கல்லூரி என்றால் ஒவ்வொரு மே மாதமும் பாதி அணி வெளியே போய்விடும். ஆறு பேர், ஏழு பேர், சில வருடம் அதற்கும் மேல். அந்தப் பயிற்சியாளர் ஏப்ரலிலும் தேடுவார், ஜூனிலும் தேடுவார். மற்ற கதவுகள் சாத்தும் பருவத்தில்தான் இந்தக் கதவு நன்றாகத் திறக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாததால் மார்ச் மாதம் முழுவதையும் அழுகையில் கழித்தோம்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன்.

அந்தத் தொலைபேசி அழைப்பு வந்த வாரக் கடைசியில் எங்கள் ஊர்த் தமிழர்கள் சித்திரைத் திருநாள் கொண்டாடினார்கள். ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் இலை போட்டு விருந்து. மாங்காய்ப் பச்சடி பரிமாறிக்கொண்டே ஒரு அக்கா கேட்டார்: "பாப்பா எந்த யுனிவர்சிட்டி?" மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "இன்னும் முடிவு பண்ணலை அக்கா, ரெண்டு மூணு இடம் பார்த்துட்டிருக்கோம்" என்றேன். எதிரில் இருந்தவரின் பையன் ஆஸ்டினுக்குப் போகிறான், இன்னொருவரின் பெண் ஜார்ஜியா டெக். இரண்டாண்டுக் கல்லூரிக்கு இங்கே இன்னொரு பெயர் கம்யூனிட்டி காலேஜ். அந்தச் சொல் என் தொண்டையில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். கார் நின்றதும் கேட்டாள்: "அம்மா, அந்த கோச் போன் பண்ணினப்போ நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன்னு உனக்குத் தெரியும்தானே?"

தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னேன். நம் ஊர்க்காரர்களிடம் இந்தச் சொல்லுக்கு இருக்கும் கூச்சம் என்னிடமும் இருந்தது என்பதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுத முடியாது. மதிப்பெண் வராதவர்கள் போகும் இடம், ஆங்கிலம் கற்க வந்தவர்கள் போகும் இடம், இப்படியெல்லாம் யாரோ சொன்னதை நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அங்கே போன ஒருவரைப் பற்றியும் எனக்கு அதுவரை தெரியாது.

அன்று இரவு மகள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஷானன் பாபிட் என்ற நியூயார்க் பெண், உயரம் 5 அடி 2 அங்குலம். டெக்சாஸ் ஏதென்ஸ் நகரின் டிரினிட்டி வேலி கம்யூனிட்டி காலேஜில் ஆடிவிட்டு டென்னஸி பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 2007, 2008 இரண்டு வருடமும் தேசிய சாம்பியன் அணியில் இருந்தார். மகளை விட நான்கு அங்குலம் குட்டை! ஆண்களில் ஜிம்மி பட்லர் டைலர் ஜூனியர் காலேஜிலிருந்து மார்கெட் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2011இல் என்பிஏவுக்குள் வந்தவர்.

ஷெரில் ஸ்வூப்ஸ் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. லபக் நகரத்துக்குத் தென்மேற்கே பிரவுன்ஃபீல்ட் என்ற சின்ன ஊர்க்காரர். ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்து எடுத்தது. போன சில நாட்களிலேயே வீட்டு ஞாபகம் தாங்காமல் திரும்பிவிட்டார். பெரிய பல்கலைக்கழகத்தை விட்டு வந்த பெண்ணை ஊர் என்னவெல்லாம் சொல்லியிருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. பக்கத்து ஊர் லெவெல்லண்டில் இருக்கும் சவுத் பிளெயின்ஸ் காலேஜில் சேர்ந்து இரண்டு வருடம் ஆடினார். 1991இல் நாட்டின் சிறந்த ஜூக்கோ ஆட்டக்காரர் ஆனார். அங்கிருந்து டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம். 1993 இறுதி ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக தனியாளாக 47 புள்ளி. டெக்சாஸ் டெக் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் தேசிய சாம்பியன். பிறகு நைக்கி நிறுவனம் அவர் பெயரில் காலணியே வெளியிட்டது, கூடைப்பந்தில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் காலணி அது.

மே மாதம் காரில் கிளம்பினோம். டல்லாஸிலிருந்து மேற்கே போகப் போக மரங்கள் குறைந்தன. எண்ணெய்க் கிணறுகளின் இரும்புத் தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு சிவந்த மண், விதைப்புக்குத் தயாரான பருத்திக் காடு, கண்ணுக்கெட்டிய வரை சமதரை. பல்லடம் தாண்டிப் போகும்போது தெரியும் வெட்டவெளி மாதிரி, அதைப்போல நூறு மடங்கு. கல்லூரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை, மகள் இன்னும் அங்கே ஆடுகிறாள்.

ஜூக்கோவில் வருகையின்போதே ஆட வைத்துப் பார்க்கலாம். அணியில் இருந்த பெண்களோடு ஒரு மணி நேரம் ஆடினாள். ஒருத்தி செர்பியாவிலிருந்து வந்தவள், ஒருத்தி ஆஸ்திரேலியா, ஒருத்தி ஹூஸ்டன். எல்லோரும் இவளை விட வேகம், இவளை விட பலம். டெக்சாஸ் அரசுப் பள்ளி ஆட்டத்தில் அப்போது ஷாட் கிளாக் கிடையாது, பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். இங்கே 30 நொடிக்குள் எறிய வேண்டும். மகள் முதல் பத்து நிமிடத்தில் மூன்று முறை நேரத்தைத் தவறவிட்டாள். நான் பெஞ்சின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்து பயிற்சியாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் மடிக்கணினி. நாங்கள் அனுப்பிய தோற்ற ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிக் கால் பகுதி, 14 புள்ளி பின்தங்கியிருந்தோம். மகள் கையிலிருந்து எதிரணிப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறாள். பயிற்சியாளர் அங்கே நிறுத்தினார்.

"இந்த இடத்தில் நிறைய பேர் கோச்சைப் பார்ப்பார்கள். சிலர் நடுவரைப் பார்த்துக் கையை விரிப்பார்கள். சிலர் நின்றுவிடுவார்கள், ஏனென்றால் ஆட்டம் எப்படியும் போய்விட்டது. நீ திரும்பி ஓடினாய். அவளைப் பிடிக்கவில்லை, அவள் போட்டுவிட்டாள். அப்புறம் பந்தை எடுத்து, கோட்டுக்கு வெளியே நின்று நீயே மறுபடி ஆட்டத்துக்குள் எறிந்தாய். உன்னைக் கூப்பிட்டது இதற்காகத்தான்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் பேச்சு வரவில்லை. அந்த ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன், அந்த நிமிடத்தில் கார் நிறுத்தத்தில் கூட்டம் சேரும் முன் கிளம்பலாமா என்று கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஒரு நோட்டில் கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இந்த வருடம் எத்தனை பாயிண்ட் கார்டு எடுக்கிறீர்கள்? போன வருடம் முடித்தவர்கள் எங்கே போனார்கள்? அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, உதவித்தொகை தொடருமா? பயிற்சி நேரமும் ஆய்வக வகுப்பும் மோதினால் எது முதல்? பயிற்சியாளர் ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். இரண்டு பாயிண்ட் கார்டு எடுப்பேன், இன்னொருத்தி இரண்டாம் வருடம், அவள்தான் முதலில் ஆடுவாள் என்றார். முதல் வருடம் உனக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. உடனே ஆட வைக்கிறேன் என்று சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

படிப்பு விஷயத்தில் டெக்சாஸ் பெற்றோருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இந்த மாநிலத்தில் அரசுக் கல்லூரிகளுக்குள் பாட எண்கள் பொதுவாக வைக்கப்பட்டிருக்கின்றன. 42 கிரெடிட் அடிப்படைப் பாடங்களை இரண்டாண்டுக் கல்லூரியில் முழுதாக முடித்தால், மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போனால் இந்த உறுதி இல்லை. என்சிஏஏ முதல் பிரிவுக்கு மாற வேண்டுமென்றால் 4க்கு 2.5 மதிப்பெண் சராசரி வேண்டும், அதுவும் அடுத்த கல்லூரி ஏற்றுக்கொள்ளும் பாடங்களில் வேண்டும். பள்ளியிலேயே என்சிஏஏ கேட்கும் 16 அடிப்படைப் பாடங்களை மதிப்பெண்ணோடு முடித்தவர்களுக்கு விதி கொஞ்சம் இலகு. முடிக்காதவர்கள் ஜூக்கோவில் பட்டமே வாங்கியாக வேண்டும். அதனால் எந்தப் பாடங்களை எடுக்கிறார்கள் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே கவனியுங்கள். பத்தாம் வகுப்பு முடிந்தபின் விழித்துக்கொண்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், பிள்ளை ரொம்பக் கஷ்டப்பட்டான்.

ஒப்பந்தக் கடிதம் ஒரு கல்வியாண்டுக்குத்தான். அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டோம். கோயம்புத்தூருக்கு வீடியோ போட்டு அம்மாவிடம் சொன்னேன். "ஆடறதுக்குப் படிப்பும் குடுத்து சோறும் போடறாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பறம் என்ன கண்ணு, நம்ம ஊர்ல ரயில்வேல எடுத்தா எப்படிக் கொண்டாடுவோம், அந்த மாதிரி கொண்டாடு" என்றார். அடுத்த வாரம் கோயிலில் அந்த மாங்காய்ப் பச்சடி அக்காவைப் பார்த்தேன். நானே போய், மகள் ஜூனியர் காலேஜில் பாஸ்கெட்பால் ஆடப் போகிறாள், முழு ஸ்காலர்ஷிப் என்று சொன்னேன். மகள் காதுபடச் சொன்னேன்.

முதல் ஆட்டத்தில் நான்கு நிமிடம் ஆடினாள். பிப்ரவரியில் 14 நிமிடம். வெளியூர் ஆட்டம் என்றால் பஸ் திரும்ப இரவு இரண்டு மணி, காலை எட்டுக்கு உயிரியல் ஆய்வகம். ஒரு நவம்பர் இரவு போன் செய்து, "அம்மா, ரசம் எப்படி வைக்கறது, செர்பியாக்காரிக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று கேட்டாள். விடுதியின் பொதுச் சமையலறையில் நின்று, நான் சொல்லச் சொல்ல வைத்தாள். பெருங்காயம் இல்லை, இருந்தாலும் அந்தப் பெண் இரண்டு கோப்பை குடித்தாளாம்.

இப்போது இரண்டாம் வருடம். மறுபடியும் கடிதம் எழுதும் பருவம், இம்முறை நான்காண்டுக் கல்லூரிகளுக்கு. போர்ட்டலில் இருப்பவர்களோடு இவளும் போட்டி போட வேண்டும், ஆனால் இப்போது இவளும் கல்லூரி ஆட்டம் ஆடியவள். ஒருவர் கல்லூரியில் இத்தனை வருடம்தான் ஆடலாம் என்று என்சிஏஏ வைத்திருக்கும் கணக்கில் ஜூக்கோவில் ஆடிய வருடங்களையும் சேர்க்கலாமா என்று 2024இல் வான்டர்பில்ட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் டியாகோ பாவியா வழக்குப் போட்டார், அவருக்குச் சாதகமாகத் தடை உத்தரவும் கிடைத்தது. அதையொட்டி வந்த விலக்கு ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்காரர்களுக்குத்தான். நாங்கள் மீதி இரண்டு வருடம் என்றே கணக்குப் போட்டு நடக்கிறோம்.

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது மடிக்கணினியோடு அடுப்பு மேடையில் வந்து உட்கார்ந்தாள். ஹைலைட் வீடியோ தயாராக இருந்தது. நன்றாக இருந்தது.

"இதுகூட ஒரு முழு ஆட்டமும் வைக்கப்போறேன்" என்றாள். "ஜனவரியில 19 புள்ளியில தோத்தோமே, அது."

"அதுல நீ அஞ்சு தடவை பந்தைப் பறிகொடுத்தயே கண்ணு."

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.